தணிகை மலையும் தளராத உடலும்: விரதமும் எடைக் குறைப்பும்

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணி மாறிவிடும். சித்தூர், புத்தூர், நகரி எனத் தெலுங்கு நாட்டுப் பக்கமிருந்து வருவோரும், காஞ்சி, வேலூர், சென்னைப் பக்கமிருந்து வருவோரும் சரவணப் பொய்கையில் நீராடி, புஷ்பக் காவடியைத் தோளில் ஏற்றி, ‘அரோகரா’ முழக்கத்துடன் மலையேறுவார்கள். ஆண்டின் நாள்களைக் குறிப்பனவாகச் சொல்லப்படும் 365 படிகள் அன்று மஞ்சளும் மலருமாகக் காட்சி தரும். ஏறுகின்றவர்களில் தலை நரைத்தவர்கள் பலர். பரணியன்று ஒருபொழுது உண்டு, கிருத்திகையன்று முழு உபவாசம் இருந்து, ரோகிணியில் பாரணை செய்வது அவர்கள் பெற்றோரிடமிருந்து பெற்ற வழக்கம்.

இந்த வழக்கத்தோடு இன்று வேறொரு விருப்பமும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. “சர்க்கரை இருக்கிறது, எடையைக் குறையுங்கள்” என்று மருத்துவர் சொல்லியிருப்பார். முழங்கால் வலிக்கும் எடையே காரணம் என்று அறிந்திருப்பார்கள். “சஷ்டி விரதமும் ஆயிற்று, எடையும் குறைந்ததாயிற்று” என்ற எண்ணத்தில் ஆறு நாள் விரதத்தைப் பன்னிரண்டு நாளாகவும், நாற்பத்தெட்டு நாளாகவும் நீட்டிக்கொள்வோர் உண்டு. பாலும் பழமும் மட்டும் கொள்வோர், இளநீர் மட்டும் அருந்துவோர், முதல் நாள் ஒரு மிளகு, மறுநாள் இரண்டு மிளகு எனக் கடும் மிளகு விரதம் மேற்கொள்வோர் எனப் பல வகையினர் இருக்கின்றனர். அறுபதைக் கடந்த உடலுக்கு இவ்வாறு மிகக் குறைவாக உண்டு எடை குறைப்பது நன்மையா, தீங்கா என்பது பக்தியோடு ஒட்டி நின்றாலும் பக்தியால் மட்டும் விடை காணக்கூடிய வினா அன்று.

கணக்கு என்ன சொல்கிறது?

உணவு தரும் ஆற்றலைக் கலோரி என்னும் அளவால் கணக்கிடுகிறார்கள். கடும் உழைப்பில்லாத ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கலோரியும், பெண்ணுக்கு 1660 கலோரியும் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த அளவு. வயது ஏற ஏற இந்தத் தேவை சற்றே குறையும். நாளொன்றுக்கு 800 கலோரிக்குக் கீழான உணவை ‘மிகக் குறைந்த கலோரி உணவு’ என்று மருத்துவ உலகம் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதனை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே மேற்கொள்ள வேண்டும் என்பது பொதுவான விதி.

பால், பழம் மட்டும் கொள்ளும் விரதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தம்ளர் பசும்பாலில் ஏறத்தாழ 130 கலோரியும், நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 90 முதல் 100 கலோரியும் உண்டு. ஒரு நாளில் மூன்று தம்ளர் பாலும் இரண்டு பழமும் கொண்டால் மொத்தம் 580 கலோரி அளவே சேரும். அதில் புரதம் 22 கிராம் இருக்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதமாவது வேண்டும். ஆகவே இத்தகைய விரதம், அதை மேற்கொள்பவர் அறியாமலே, மருத்துவக் கண்காணிப்பு தேவைப்படும் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் நலமுள்ள உடல் தாங்கும். வாரக் கணக்கில் நீண்டால் நிலைமை வேறு.

ஆறு நாள் விரதம் முடிந்ததும் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, மூன்று கிலோ குறைந்தது கண்டு மகிழ்வோர் உண்டு. அந்த மகிழ்ச்சியையும் கணக்கு சற்றே சோதிக்கிறது. ஒரு கிலோ கொழுப்புக் கரைவதற்கு ஏறத்தாழ 7700 கலோரி குறைய வேண்டும். 1660 கலோரி தேவைப்படும் ஒரு பெண்மணி 580 கலோரி மட்டும் உண்டால் நாளொன்றுக்கு 1080 கலோரி குறையும். ஆறு நாளில் 6480. கரைந்த கொழுப்பு ஒரு கிலோவுக்கும் குறைவே. எஞ்சியவற்றில் பெரும்பகுதி நீரும் உப்பும் உடலில் சேமித்து வைத்த மாவுச்சத்தும். வழக்கமான உணவுக்குத் திரும்பிய சில நாள்களில் அவை மீண்டும் வந்து சேர்ந்துவிடும். எளிதில் திரும்பி வராத ஓர் இழப்பும் அதனுள் இருக்கிறது. அது தசை.

முதுமையில் தசையே கைப்பொருள்

உணவு நின்றதும் உடல் முதலில் கல்லீரலில் சேமித்த மாவுச்சத்தைச் செலவிடுகிறது. ஒரு நாள் அளவில் அது தீர்ந்துவிடும். பின்பு கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. மூளைக்குச் சர்க்கரை தேவைப்படுவதால், அதை உண்டாக்கத் தசையிலுள்ள புரதத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. இளைஞர் இழந்த தசையை உண்டும் உழைத்தும் மீட்டுவிடுவார். முதியோருக்கு அது எளிதன்று. நாற்பதைக் கடந்த பின் ஆண்டுதோறும் தசை இயல்பாகவே மெல்லக் குறைந்து வருகிறது. பட்டினியால் அந்தக் குறைவு விரைவுபட்டால், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ இயலாமை, நடையில் தள்ளாட்டம், குளியலறையில் வழுக்கி விழுதல், இடுப்பெலும்பு முறிவு என ஒன்றன்பின் ஒன்றாகத் துன்பம் தொடரக்கூடும். 365 படி ஏறும் வலிமையைத் தருவது தொடைத் தசை. எடை குறைந்து அந்தத் தசையும் போய்விட்டால், மலையேறும் வலிமைக்காகச் செய்த முயற்சியே மலையேற்றத்துக்குத் தடையாகிவிடும்.

மிக விரைவாக எடை குறைவதால் நேரும் மற்றொரு தொல்லை பித்தப்பைக் கல். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை இழப்போருக்கு இது உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. மயக்கம், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல், மனச்சோர்வு ஆகியனவும் நேரலாம்.

வரலாறு காட்டும் சில பாடங்கள்

உணவின்மை மனிதரை என்ன செய்யும் என்பதை 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். போரால் பசியில் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு உணவளித்து மீட்பது என்று அறிவதே நோக்கம். உடல்நலம் மிக்க இளைஞர் 36 பேர் தாமாக முன்வந்தனர். 24 வாரம் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1570 கலோரி மட்டும் தரப்பட்டது. அவர்கள் எடையில் கால் பங்கை இழந்தனர். நாடித் துடிப்பு மந்தமாயிற்று; கை கால்கள் குளிர்ந்தன; வலிமை குன்றியது; உணவைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை; சிலருக்கு மனமும் கலங்கிற்று. 580 கலோரியோடு ஒப்பிட்டால் 1570 என்பது விருந்து. இளைஞர்களே அவ்வாறு தளர்ந்தார்கள் என்பது எண்ணத்தக்கது.

1976-77-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மற்றொரு விபரீதம் நேர்ந்தது. புரதக் கரைசலை மட்டும் பருகி, நாளொன்றுக்கு நானூறு கலோரிக்கும் குறைவாகக் கொண்டு எடை குறைக்கும் முறை ஒன்று பரவியது. அதை மேற்கொண்டவர்களில் ஏறத்தாழ 60 பேர் இறந்ததாக அரசுக்குத் தகவல்கள் வந்தன. ஆராய்ந்தபோது, இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டுத் திடீரென உயிர் பிரிந்தோர் பலர் எனத் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் முதியோர் அல்லர்.

திருத்தணியின் வரலாற்றோடும் ஓர் உண்ணா நோன்பு பின்னிக் கிடக்கிறது. தனி ஆந்திர மாநிலம் வேண்டி 1952 அக்டோபர் 19-இல் சென்னையில் உண்ணா நோன்பு தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு, 58-ஆம் நாளான டிசம்பர் 15 அன்று உயிர் நீத்தார். அவருக்கு அப்போது வயது 51. அடுத்த ஆண்டு அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அதில் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1-இல் அது சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. ‘தமிழ்நாடு’ என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 ஜூலை 27-இல் விருதுநகரில் நோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார் அக்டோபர் 13-இல் மறைந்தார். அவர்கள் தம் உயிரையே விலையாக வைத்தவர்கள். எடை குறைக்க நோற்றவர்கள் அல்லர். ஆயினும், எத்துணை உறுதி படைத்த மனத்துக்கும் உடல் ஓர் எல்லை வைத்திருக்கிறது என்பதை அவர்கள் வரலாறு காட்டுகிறது.

நன்மை தந்த நிகழ்வும் உண்டு

குறைந்த கலோரி உணவு எப்போதும் தீங்கே என்று சொல்லிவிட முடியாது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் 306 நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று. அவர்களில் பாதிப்பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி வரை, எல்லாச் சத்துகளும் அளவோடு கலந்த பானமாகத் தரப்பட்டது. ஓராண்டின் முடிவில் அப்பிரிவினரில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது.

இதைக் கேள்வியுறும் எவருக்கும் ஆவல் எழும். ஆனால் அந்த ஆய்வின் நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்க்கப்பட்டோர் 20 முதல் 65 வயது வரையுள்ளவர்கள். இன்சுலின் போட்டுக்கொள்வோர் சேர்க்கப்படவில்லை. முதல் நாளிலேயே சர்க்கரை மாத்திரைகளும் இரத்த அழுத்த மாத்திரைகளும் மருத்துவரால் நிறுத்தப்பட்டன. பின்பு சில வாரங்களில் படிப்படியாகவே வழக்கமான உணவு திரும்பத் தரப்பட்டது. எழுபது வயதில், வழக்கமான மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு, வீட்டில் தாமாகவே பாலும் பழமும் கொண்டு இருப்பதற்கும் இதற்கும் ஒப்புமை இல்லை.

மாத்திரையும் விரதமும்

முதியோர் விரதத்தில் பேரிடர் பெரும்பாலும் பசியால் வருவதில்லை. பசியும் மாத்திரையும் சேரும்போதே வருகிறது. கிளிமெபிரைடு, கிளிக்ளாசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும், உணவு வந்தாலும் வராவிட்டாலும் இரத்தச் சர்க்கரையைக் கீழிறக்கும். உண்ணாதபோது அது அபாய அளவுக்குத் தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறிய பேச்சு, மயக்கம் ஆகியவற்றை உண்டாக்கும். மலைப்படியில் இது நேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதுவகை மருந்துகளை உட்கொள்வோர் பட்டினி கிடந்தால், சர்க்கரை மிகுதியாகக் காட்டாத நிலையிலும் இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. சிறுநீரை மிகுவிக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள், உணவும் நீரும் குறைந்த உடலிலிருந்து உப்பையும் பொட்டாசியத்தையும் மேலும் வெளியேற்றி, எழுந்து நிற்கும்போது தலை சுற்ற வைக்கும்.

இதற்கு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் தீர்வன்று. விரதத்துக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு, எந்த மாத்திரையை எந்த நாளில் எவ்வளவு கொள்வது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதே முறை. இன்சுலின் போடுவோர், சிறுநீரக நோயர், இதய நோயர், வலிப்பு நோய்க்கு மருந்துண்போர், எலும்பும் தோலுமாக மெலிந்தோர் ஆகியோர் முழு உபவாசத்தைத் தவிர்ப்பதே நலம்.

திருத்தணியில் ஒரு பழைய வரலாறு வழங்குகிறது. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் இம்மலைக்கு வந்தபோது, முதியவர் வடிவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தான் என்றும், அதன் பின்பே அவர் தம் முதல் கீர்த்தனையைப் பாடினார் என்றும் சொல்வார்கள். தணிகை நாதனின் இந்தப் பிரசாதத்தை நினைவில் கொண்டு, சர்க்கரை மாத்திரை உண்போர் மலையேறும்போது சிறிது கற்கண்டை மடியில் முடிந்துகொள்ளலாம். நடுக்கமும் வியர்வையும் தோன்றிய உடனே அதை வாயிலிட்டு அமர்வது உயிர் காக்கும். அதனால் விரதம் கெட்டுவிடாது.

சாத்திரம் தரும் சலுகை

கெட்டுவிடாது என்பதற்குச் சான்றோர் வாக்கே துணை நிற்கிறது. நீர், கிழங்கு, கனி, பால், ஹவிஸ், அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து ஆகிய எட்டும் விரதத்தைக் குலைப்பன அல்ல என்பது தர்ம நூல்களில் வழங்கும் விதி. ஏகாதசி உபவாசம் 8 வயது முதல் 80 வயது வரையுள்ளோர்க்கே விதிக்கப்பட்டது என்பதும் மரபு. நோயுற்றோருக்கும் தளர்ந்தோருக்கும் விலக்கு உண்டு. பகவத் கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில், மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கண்ணன் அருச்சுனனுக்கு உரைக்கிறான். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தில் அளவறிந்து உண்பதையே முதல் மருத்துவமாக வைக்கிறார். உடம்பைப் பேணுவது உயிரைப் பேணுவதே என்பது திருமூலர் நெறி.

‘உபவாசம்’ என்ற சொல்லுக்கு அருகில் உறைதல் என்பது பொருள். இறைவன் அருகில் மனம் உறைவதற்காக, உணவின் மேல் செல்லும் நாட்டத்தைச் சிறிது விலக்கி வைப்பதே அதன் கருத்து. எடை பார்க்கும் கருவியின் அருகில் மனம் உறைந்தால் அது விரதம் ஆகாது. விரதத்துக்கு ஒரு நாள், எடைக் குறைப்புக்கு ஓராண்டு எனப் பிரித்து வைத்துக்கொண்டால் இரண்டும் செம்மையாக நடக்கும்.

நிதானமாகக் குறைக்கும் வழி

எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை குறைப்பது போதும். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரை கிலோ வரை இறங்கும். ஆறு மாதத்தில் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நல்ல மாற்றம் காட்டும்.

தட்டில் சோற்றின் அளவைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் காயும் நிரப்பலாம். வடை, அப்பளம், முறுக்கு, இனிப்பு, சர்க்கரை கலந்த காப்பி ஆகியவற்றைக் குறைத்தாலே பெரும்பாலான கணக்கு நேராகிவிடும். குறைக்கக் கூடாதது புரதம். முதியோர் தம் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவாவது கொள்வது நல்லது என்பது வல்லுநர் கருத்து; சிறுநீரக நோய் உள்ளோர் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவைக் கொள்ள வேண்டும். சைவ உணவு உண்போருக்குப் பருப்பு, சுண்டல், பச்சைப்பயறு, தயிர், பால், வேர்க்கடலை ஆகியவை அதைத் தரும். கோயில் பிரசாதமான சுண்டல் ஒரு கைப்பிடி, சர்க்கரைப் பொங்கலைவிட இவ்வகையில் மேலானது.

அதனோடு உடல் அசைவும் வேண்டும். நாள்தோறும் அரை மணி நடை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்தல், வீட்டுப் படிகளில் மெல்ல ஏறி இறங்குதல் ஆகியவை தசையைக் காக்கும். உணவைக் குறைத்து உடலை அசைக்காமல் இருந்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

கிருத்திகை, சஷ்டி விரதம் இருப்போர் ஒருபொழுது உணவை முழுமையாக உண்டு, மற்ற வேளைகளில் பால், மோர், பழம் கொள்ளலாம். நீரை ஒருபோதும் விலக்கலாகாது. உபவாச நாளில் வெயிலில் படியேற வேண்டியதில்லை. மலைமேல் செல்ல வாகனப் பாதை இருக்கிறது. அதில் சென்றாலும் அருள் குறையாது. படியேறியே தீர்வது என்ற பிரார்த்தனை இருந்தால் பாரணை முடிந்த மறுநாள் காலை இளவெயிலில் ஏறலாம்.

ஐந்து நாளுக்கு மேல் மிகக் குறைவாக உண்டவர்கள் விரதம் முடிந்ததும் விருந்துண்பது தவறு. நெடும் பட்டினிக்குப் பின் திடீரென மிகுதியாக உண்டால், இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் முதலிய உப்புகள் சடுதியில் தாழ்ந்து இதயத்தைப் பாதிக்கும். இரண்டாம் உலகப் போர் முடிவில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்டோர் பலர் உணவு கிடைத்த பின்னரே மாண்டதற்கு இதுவே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. கஞ்சி, மோர், இட்லி என எளியவற்றில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் வழக்கமான உணவுக்கு வருவதே முறை.

விரதத்தின் நடுவே நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், குழப்பமான பேச்சு, ஓயாத வாந்தி, சிறுநீர் மிகக் குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அக்கணமே விரதத்தை முடித்து மருத்துவரிடம் செல்ல வேண்டும். முயற்சி ஏதுமின்றி ஆறு மாதத்தில் எடை கணிசமாகக் குறைந்தாலும் அதை முருகன் அருள் என்று விட்டுவிடாமல் காரணம் காண வேண்டும். வீட்டிலுள்ள பிள்ளைகளும் மருமக்களும், “அம்மா விரதம் இருக்கிறார்கள்” என்று ஒதுங்கிவிடாமல், மாத்திரை என்ன ஆயிற்று, தண்ணீர் குடித்தார்களா என்று கேட்பதே அன்று அவர்கள் செய்யக்கூடிய பெரிய வழிபாடு.

கந்த சஷ்டியின்போது மற்றப் படைவீடுகளில் சூரசம்ஹாரம் நடைபெறும். திருத்தணியில் அது நடைபெறுவதில்லை. சூரனோடு பொருத சினம் தணிந்து குமரன் அமர்ந்த இடம் ஆதலால் இது தணிகை ஆயிற்று. இங்கே அந்நாளில் அவனுக்கு மலர்களே சொரியப்படுகின்றன. அந்த மலைக்கு வருவோர், நோயையும் பருமனையும் கண்டு சினந்து தம் உடல்மீதே போர் தொடுக்க வேண்டியதில்லை. அறுபது, எழுபது ஆண்டுகளாகத் தம்மைச் சுமந்து சந்நிதிவரை கொண்டுவந்த உடல் அது; அடுத்த கிருத்திகைக்கும் அந்தப் படிகளில் ஏற்றிச் செல்ல வேண்டியதும் அதுவே.